பத்து லிட்டர் டீசலும் ஓட்டுநர் ராய்வோவின் வேலையும்

அனுப்புநர்:
ஹெல்வி காசிக்,
மகப்பேறு செவிலி,
சோமெட்சா, எஸ்தோனியா.

பெறுநர்:
ஊராட்சித் தலைவர் அவர்கள்,
ஊராட்சி அலுவலகம், சோமெட்சா.

பொருள்: கட்டண அட்டைகள் முடங்கிய நாளில் எனக்கு டீசல் தந்த ஓட்டுநரின் பணிநீக்கத்தை விலக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. பிப்ரவரி 19 காலை, வீரா பண்ணையில் கெர்ட்டு என்பவருக்குப் பிரசவ வலி கண்டிருப்பதாக அவருடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். முப்பது கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் பனியில் வந்துசேர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். என் வண்டியில் பங்க் வரை போகத்தான் டீசல் இருந்தது. முந்தைய நாளே நிரப்பாதது என் தவறு, மறைக்கவில்லை.

2. நம் ஊரின் ஒரே பங்க் ஆளில்லாதது. அட்டையைச் செருகினால்தான் டீசல் வரும். என் மூன்று அட்டைகளையும் அது ஏற்கவில்லை. ஐரோப்பாவுடனான இறக்குமதி வரித் தகராறு முற்றி, நம் அட்டைகளை இயக்கும் வெளிநாட்டு நிறுவனம் முந்தைய மாலையே சேவையை நிறுத்தியிருந்தது. வங்கியை அழைத்தேன். "பணம் உங்க கணக்குலதாங்க இருக்கு. அது போற வழிதான் எங்க கையில இல்ல," என்றார் அங்கிருந்த பெண். என்னிடம் ஐம்பது யூரோ தாள் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளுமில்லை, தாளைச் செருகத் துளையுமில்லை.

3. எதிரே ஊராட்சிக் கொட்டகையில் பனி அள்ளும் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார் ராய்வோ. விஷயத்தைச் சொன்னேன். அனுமதி வாங்க அலுவலகத்தை இருமுறை அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. "நீங்க கிளம்புங்க அக்கா. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்று கொட்டகையிலிருந்த ஊராட்சி டீசலில் பத்து லிட்டரை என் வண்டிக்கு ஊற்றினார். ஐம்பது யூரோவை வாங்க மறுத்தார். கொட்டகை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அது தங்கள் அலுவலகத்திலேயே இருப்பதாக அறிகிறேன்.

4. நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. கணவர் தம் சட்டையில் அதைச் சுற்றி வைத்திருந்தார். கெர்ட்டுவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தேன். இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார், பிழைத்துவிட்டார். பத்து நிமிடம் பிந்தியிருந்தால் இந்த மனுவை அவர் கணவர்தான் எழுதியிருப்பார்.

5. அட்டைகள் மூன்றாம் நாள் மீண்டும் இயங்கின. நான்காம் நாள் ராய்வோவுக்குப் பணிநீக்க ஆணை வந்தது. காரணம், பொதுச்சொத்துத் திருட்டு. வெளிநாட்டில் யாரோ இணைப்பைத் துண்டித்ததற்கு இந்த ஊரில் தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே அந்த ஆணையை ரத்து செய்யுமாறும், பங்க்கில் ரொக்கம் வாங்க ஏற்பாடு செய்யுமாறும், ஐரோப்பாவுக்குச் சொந்தமான கட்டண வழி வேண்டும் என்று தலைநகருக்கு எழுதுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். ஆணை நிலைத்தால் இனி எந்த ஓட்டுநரும் எனக்குக் கொட்டகையைத் திறக்கமாட்டார். அப்போது நான் யாரிடம் போய் நிற்பது என்பதைத் தாங்களே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: சோமெட்சா
நாள்: மார்ச் 3

இப்படிக்கு,
ஹெல்வி காசிக்
(ஒப்பம்)