பால்கனிக்குக் கீழே இரண்டு தூண்கள்

என் அருமைக் காதர் மச்சானுக்கு,

உங்களுக்கு என் ஸலாம். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகு எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரு விஷயத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். உங்களிடம் சொன்னால்தான் ஆறும் போலிருக்கிறது.

நீங்கள் மேஸ்திரியாக நின்று கட்டிய ராஜகீழ்ப்பாக்கம் தியேட்டரில் இப்போது படம் ஓடுவதில்லை. வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்ததும் கூட்டம் குறைந்துபோனது. ஒரு பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பட்டமளிப்பு அரங்கமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. திரை இருந்த பக்கம் மேடை போடுகிறார்கள். படம் காட்டிய அறைக்கு மைக் சாமான்கள் வரப்போகின்றன. சரிவான தரையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்போது நான் வரைந்து கொடுத்த பழைய வரைபடம் என்னிடம் இருக்கிறதென்று தெரிந்து கூப்பிட்டார்கள். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே பொறியாளர் ஒரு சின்ன வயதுப் பெண். வரைபடத்தை விரித்து வெகுநேரம் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதுல பால்கனியத் தாங்குற பீம் வெறும் செங்கல் சுவர் மேல உக்காந்திருக்கு. இப்படிக் கட்டியிருந்தா முதல் ஹவுஸ்ஃபுல் அன்னிக்கே விழுந்திருக்கணும். எப்படி இன்னும் நிக்குது?"

சுவரின் பூச்சைத் தட்டச் சொன்னார். உளி இறங்கவே இல்லை. உள்ளே செங்கல் இல்லை மச்சான், கான்கிரீட் தூண்! எதிர்ச் சுவரிலும் அப்படியே ஒன்று. வரைபடத்தில் இல்லாத இரண்டு தூண்கள்.

வீட்டுக்கு வந்து பரணைக் குடைந்தேன். அந்தக் காலத்து இன்ஜினியர் துபாய்க்குப் போவதற்கு முன் பென்சிலில் போட்டுக் கொடுத்த மூலத்தாள் கிடைத்தது. அதில் இரண்டு தூண்களும் இருக்கின்றன. அதைப் பார்த்து நகல் எடுத்தபோது விட்டவன் நான்தான்.

அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களே! அத்தனை ஆட்களுக்கும் நடுவில், "இன்னா சலீம், இம்மாம் பெரிய பீமுக்குக் கீழ தூணு எங்க கீது?" என்று. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத திமிர் எனக்கு. "டிராயிங்ல இருக்கிறத மட்டும் கட்டுங்க மச்சான்" என்றேன்.

மறுவாரம் எழுப்பிய சுவரை நீங்களே பிரித்தீர்கள். முதலாளி கத்திக்கொண்டு வந்தார். "இன்னா மேஸ்திரி, தீபாவளிக்குப் படம் போடணும், நீ செவுத்த இட்சிகினுகீற! பேஜார் பண்றியா?"

"என் கை வேலதான் சரியில்ல மொதலாளி. நானே பிரிச்சிக் கட்டித் தரேன்" என்றீர்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், அங்கேதான் நின்றிருந்தீர்கள். "ஆமா சார், அவருக்குப் பெரிய வேலை பழக்கமில்ல" என்றேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் உங்களை நம்பிப் பெரிய கட்டடம் கொடுக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரும் கழிவறையும் கட்டியே உங்கள் காலம் போய்விட்டது. எப்படி மச்சான் அதன் பிறகும் ஒவ்வொரு பெருநாளைக்கும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டீர்கள்?

அக்காவிடம் ஓடினேன். தூண் விஷயத்தைச் சொன்னதும் அவள் அதிரவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்குத் தெரியும்டா" என்றாள்.

"தெரியுமா?"

"நம்ம மாடி கட்ட வாங்கி வெச்சிருந்த கம்பியத்தான் ராத்திரில தூக்கிகினு போனாரு. மொதலாளிகிட்ட கம்பி கேட்டா ஏன்னு கேப்பாரு, உன் தப்பு தெரிஞ்சி வேல போயிடும்னாரு. சொல்லிடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. எத்தனை நாள் நானே அந்தப் பால்கனியில், என் பெண்டாட்டி பிள்ளைகளோடு, முன் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன்! எங்களுக்குக் கீழே எத்தனை தலைகள்!

நேற்று அந்தப் பொறியாளரிடம் மூலத்தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "அந்த மேஸ்திரி பேர் என்ன சார்?" என்று மட்டும் கேட்டுப் புது வரைபடத்தில் எழுதிக்கொண்டார். பால்கனியை இடிக்கப்போவதில்லை. பட்டம் வாங்குகிற பிள்ளைகளின் தாய் தகப்பன் அங்கேதான் உட்காரப்போகிறார்கள்.

முதலாளி இன்னும் இருக்கிறார். வயலை மனை போட்டு விற்றுவிட்டு ஜங்ஷனில் கடை வைத்திருக்கிறார். நாளைக் காலை அங்கே போகிறேன். கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். வேலை தெரியாதவன் நான்தான் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுவேன். இது சத்தியம் மச்சான்.

உங்கள் உப்பைத் தின்ற மச்சினன்,
சலீம்