தொண்டைக்கு ஏறும் பித்தம்

அன்பிற்கினிய அப்பாவுக்கு, போர்ட்டோ அலெக்ரியிலிருந்து மகள் இராசியேலி வணங்கி எழுதுவது. நான் நலம், உங்கள் குரற்கரகரப்பு தணிந்ததா?

நேற்று ஆய்வகத்தில் பித்தநீர் என் கையில் கொட்டிவிட்டது. அஞ்சற்க, கழுவிவிட்டேன். ஆனால் சீ, அந்தப் பச்சைக் கொழகொழப்பும் நாற்றமும்!

"ஏண்டி, பச்ச மாத்தே இலைக் கஷாயத்தக் குடிக்காம கையில ஊத்திக்கிட்ட?" என்று தோழி ஜுசாரா சிரித்தாள்.

இந்த அருவருப்பைத்தான் தொண்டைச் செல்கள்மீது ஊற்றிப் பார்க்கிறோம். அமிலத்தோடு பித்தம் பட்டதும் செல்லின் கருவுக்குள் "சாகாதே, பெருகு" என்னும் கட்டளை எழுகிறது. மடியவேண்டிய செல் மடிய மறுக்கிறது. புற்று அங்கே தொடங்கக்கூடும்.

நீங்களோ சுட்ட இறைச்சி உண்டதும் படுக்கிறீர்கள்; வயிற்றுப் பித்தம் தொண்டைக்கு ஏறாதா? தொண்டை கசந்தால், "மாத்தேக் கசப்பும்மா, விடு" என்கிறீர்கள். விடமாட்டேன்!

என் கம்பளிப் போர்வையைத் துவைக்காமலே அனுப்புங்கள். நம் வீட்டு மணம் அதில் இருக்கட்டும். பேருந்து வந்துவிட்டது. ஒன்றுமட்டும் மறைக்காமல் எழுதுங்கள்: காலையில் மாத்தேயைத் தொடுமுன்பே வாய் கசக்கிறதா?