குரல்ல ஈரம் இல்லையாம்

11.11.91, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கேசட் கடை முன்னாடி ஒரே சேறு. செங்கல் போட்டு வழி பண்ணினேன்.

முதல் போணியே சண்டை. சேரப்பணஞ்சேரி எல்லம்மா, கூட மருமக செல்வி. மஸ்கட்டுல வேலை செய்யற மகன் ஏழுமலைக்குப் போன மாசம் நம்ம பின் ரூம்லதான் பேசிப் பதிஞ்சு அனுப்பினாங்க. பதில் கேசட் வந்திருக்கு. என் டேப் டெக்குலயே போடச் சொன்னாங்க. ஏழுமலை பேசறான்:

"செல்வி, உன் குரல்ல ஈரமே இல்லியே. எவனோ எழுதிக் குடுத்தத படிக்கிற மாதிரி கீது. உனுக்கே வாணாம்னா நான் இன்னாத்துக்கு லீவுல வரணும்? காண்ட்ராக்ட்ட இன்னும் ரெண்டு வருசம் நீட்டிக்கச் சொல்றாங்க. சரின்னு கையெழுத்து போட்டுடப் போறேன்."

எல்லம்மா என் மேல பாய்ஞ்சா. "இன்னா தம்பி, பொண்ணு குரல உன் மிஷினு உறிஞ்சிகிச்சா? பேசறப்போ நல்லாத்தானே பேசிச்சு?"

செல்வி நகத்தைக் கடிச்சுக்கினு சுவரைப் பார்த்துக்கினு நின்னா.

ஈரமாம்! வர்றவங்க சொல்றதெல்லாம் இப்படித்தான். கும்முனு வேணும். கணீர்னு வேணும். தகரமா கீது. கொழகொழன்னு கீது. தகரம்னா ட்ரெபிளைக் குறை, கொழகொழன்னா டேப் உரசற ஹெட்டைத் துடை. பஸ் ஸ்டாண்டுல டார்ச் பேட்டரி வித்த காலத்துலேருந்து ஸ்பீக்கர் செட் வாடகை விடற வரைக்கும் இதெல்லாம் கத்துக்கிட்டேன். ஈரத்துக்கு எந்தத் திருகைத் திருப்பறது?

வெள்ளிக்கிழமை சுங்குவார்சத்திரத்து ஆள் ஒருத்தர் மஸ்கட் கிளம்பறார். அவர்கிட்ட கொடுத்தனுப்பணும். அதுக்குள்ள மறுபடி பதிஞ்சு தர்றேன்னு ஒத்துக்கிட்டேன்.

12.11.91, செவ்வாய்

ஸ்பிரிட், பஞ்சு. ஹெட் துடைச்சாச்சு. மைக் வேற. எதிரொலி வராம இருக்க பின் ரூம்ல ஜமுக்காளம் கட்டினேன். கரண்ட் இல்லை. வந்தது. போச்சு. வந்தது.

வழக்கம்போல எல்லம்மாதான் முதல்ல. மாடு கன்னு போட்டது, ரோட்டோரத்துல மனை அளக்க ஆள் வந்தது, யார் யார் செத்தது. முக்கால் கேசட் அவளே. அப்புறம் மருமக முதுகுல ஒரு தட்டு. "பேசுடி. நல்லா கீறேன்னு சொல்லு."

"நல்லா கீறேன். நீங்க நல்லா கீறீங்களா. அத்தை நல்லா பாத்துக்கிறாங்க. வேளாவேளைக்கு சாப்பிடுங்க."

முந்தானை வாய் மேல. எடும்மான்னேன். எடுத்துட்டு அதே நாலு வரி. டெக்குல சத்தம் காட்டற முள் ஒழுங்கா ஆடுது. போட்டுக் கேட்டா சத்தம் கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. ஆனா ஏழுமலை சொன்னது நியாயம். பஸ்ல ஸ்டாப்பிங் பேர் சொல்ற மாதிரிதான் இருக்கு.

"இப்போ சூப்பரா கீது தம்பி"ன்னா எல்லம்மா.

எனக்குத் திருப்தி இல்லை, வியாழக்கிழமை இன்னொரு தடவை வாங்கன்னேன்.

"உனுக்கு இன்னா கிறுக்கா?"

13.11.91, புதன்

மழை. யாவாரம் மந்தம். வாங்கணும்: சிக்ஸ்டி கேசட், பல்பு, எலி மருந்து.

எதுலயும் மனசு ஒட்டலை. கடைக்கும் பின் ரூமுக்கும் நடந்துக்கினே இருக்கேன். அவன் வராம போனா பழி என் மிஷின் மேல. பழி கிடக்கட்டும். கல்யாணம் ஆன அடுத்த மாசமே பிளேன் ஏறினவனாம்.

மத்தியானம் சாப்பிடும்போது சம்சாரத்துக்கு அந்த டேப்பைப் போட்டேன். பாதியிலயே சிரிச்சுட்டா.

"மிஷினு இன்னாங்க பண்ணும்? மாமியாக்காரி முட்டி இடிக்கக் குந்திகினு கீது. உங்க அம்மா இருந்தப்போ நான் உங்ககிட்ட எப்டி பேசுவேன், ஞாபகம் கீதா?"

"எப்டி?"

"பாத்தீங்களா? ஞாபகம் வெச்சிக்கிற மாதிரி ஒண்ணும் பேசினதில்ல."

14.11.91, வியாழன்

வெயில் தலை காட்டுச்சு. வந்தாங்க. சம்சாரம் எல்லம்மா கையைப் பிடிச்சு, காபி ஆறுதும்மான்னு சமையல்கட்டுக்கு இழுத்தா. கிழவிக்குப் போக மனசில்லை. "அதுக்குத் தனியா பேசத் தெரியாதும்மா." முறுக்குத் தட்டைப் பார்த்ததும் போனா.

ரிக்கார்ட் பட்டனை அமுக்கினேன். நிறுத்தறது எப்படின்னு செல்விக்குக் காட்டினேன். "நீங்க, அண்ணே?" "நான் கடையில கீறேன்மா." கதவைச் சாத்திட்டேன்.

நடு ஜன்னல் வழியா டெக் முள் தெரியுது. அசையலை. உதடு மட்டும் அசையுது, மைக்கோட ஒட்டி. அந்த லெவல்ல பதிஞ்சா பாதிக்கு மேல இரைச்சல்தான். கை துறுதுறுன்னுச்சு, உள்ள போய் ஏத்தி வைக்கலாம்னு. ரெண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். திடீர்னு முள் ஒரே அடியா அந்தக் கோடி வரைக்கும் பாய்ஞ்சுது. சிரிச்சாளோ அழுதாளோ. நான் ரோட்டுப் பக்கம் திரும்பிட்டேன்.

வெளியே வந்தா. கண்ணு சிவப்பு. "நல்லா வந்துச்சாண்ணே?"

"வந்துச்சும்மா." கேட்டுப் பார்க்கலை. மேல யாரும் பதிய முடியாதபடி கேசட் பின்பக்கக் காதை ஒடிச்சு வச்சேன்.

எல்லம்மா வந்தா. "போடு தம்பி, கேப்போம்." அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டு ஜனம் எல்லாம் கேட்கறதுதான் இங்க வழக்கம். செல்வி முகம் வெளுத்துப் போச்சு. வாயில வந்ததை அடிச்சு விட்டேன்.

"இப்ப ஓட்டக் கூடாதும்மா. சத்தம் பச்சையா கீது. டேப்புல ஊறணும். அதுக்குள்ள ஓட்டினா வெளுத்துடும்."

கிழவி என்னைப் பார்த்தா. மருமகளைப் பார்த்தா. வாயில இருந்த முறுக்கை மென்னு முழுங்கினா.

செல்வி செருப்பு மாட்ட வாசலுக்குப் போனதும் எல்லம்மா என் கிட்ட வந்தா. "தம்பி, மஸ்கட்டுக்குப் போறவரு நாளைக்கு எத்தினி மணிக்கு வர்றாரு?"

"பத்து மணிக்கும்மா."

"ஒம்போதுக்கே வந்துர்றேன். எனக்கும் ஒண்ணு பச்சையா போட்டுக் குடு. மருமக வர வாணாம். நான் மட்டும்."