உப்பை உதறாத மைலேஜ்

பாய்,

புது பிக்கப் வண்டியின் முதல் லோடு இன்று காலை வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து உப்புத்தோல். நாட்றம்பள்ளியில் நாம் வழக்கமாக நிற்கும் பங்கில் டீசல் போட நிறுத்தினோம். கண்ணாடியை இறக்கியதும் டீசல் வாடையும் தோல் வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது உன் சட்டை வாடை.

என் மகன் நடுவில் நெருக்கி உட்கார்ந்து, டேஷ்போர்டில் இருந்த வண்ணத் திரையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"லிட்டருக்குப் பதினாறு காட்டுதுப்பா! பழைய வண்டிய விட எவ்ளோ ஜாஸ்தி பாருங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஏழுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உப்போட பதினாறு, தம்பி" என்றான்.

எனக்கும் அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மகன் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாப்பா, சொல்லிட்டு சிரிங்க" என்றான். சொன்னேன். சொல்லச் சொல்ல உன் பேச்சு பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்தும் அது எழுந்து போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் லுங்கிக் கட்டைத் தோளில் போட்டு விற்றுக்கொண்டிருந்த எனக்குத் தோல் என்றால் செருப்புதான் தெரியும். ஆம்பூரில் பாதி வாடகை நான், பாதி வாடகை நீ என்று குடோன் பிடித்தபோது நீ சொன்ன முதல் வார்த்தை: "உதறிட்டு எடை போடு தோஸ்த்." கெடாமல் இருக்கத் தோலுக்கு உப்புப் போட்டு அனுப்புவார்கள். அதை இரண்டு ஆள் பிடித்து நன்றாக உதறிய பிறகுதான் தராசில் ஏற்ற வேண்டும். உதறாமல் ஏற்றினால் உப்புக்கும் தோல் விலை கொடுத்து வாங்கினவர்கள் ஆவோம்.

உன் இன்னொரு வார்த்தையும் எனக்கு மறக்காது. பதனிட்ட தோலைச் சதுர அடி அளக்கும் மெஷின், விற்கிறவன் இடத்தில் ஒரு அளவு காட்டும், வாங்குகிறவன் இடத்தில் கம்மியாகக் காட்டும். நான் குழம்பி நின்றபோது நீ வெற்றிலைச் சிரிப்போடு சொன்னாய்: "மெஷின் யார் வீட்டுச் சோறு தின்னுதோ அவங்களுக்குத்தான் பேசும்."

இவ்வளவு தெரிந்த நீ, அன்று நாம் பிக்கப் வண்டி வாங்கியதும் அதன் டேஷ்போர்டுக்கு முன்னால் குழந்தையாகிப் போனாய். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அதுவே காட்டும் வண்டி நமக்கு அதுதான் முதல். லோடு இறங்கும்போதெல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாய். "பதினாலு! மாஷா அல்லா!" அந்தத் திரையை நம் மூன்றாவது பார்ட்னர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாய். டீ கேட்காத பார்ட்னராம்.

வினை அங்கேதான் வந்தது. திரை பதினாலு என்றது. போட்ட டீசலையும் ஓடிய தூரத்தையும் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டைத் தாண்டவில்லை. நடுவில் உள்ள டீசல் எங்கே போனது? ஓட்டுகிறவன் ஏழுமலை. அவன் உன் தெருக்காரன். வேலைக்கு அழைத்து வந்தவனும் நீதான். வேறு யாராவதாக இருந்திருந்தால் உனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

எடை போடும் நாள். லோடுமேன்கள், தோல் கொண்டுவந்த வியாபாரிகள், டீக்கடைக்காரர் எல்லாரும் தராசைச் சுற்றி நிற்கும் நேரம். வண்டியிலிருந்து இறங்கிய அவனை அங்கேயே நிறுத்தினாய்.

"இன்னா ஏழுமல, என் டேங்க்ல ஓட்டையா? உன் மனசுல ஓட்டையா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், சாவியைத் தராசுத் தட்டின் மேல் வைத்தான். தட்டில் அந்தச் சாவி ஒரு எடையும் காட்டவில்லை. அவன் கேட்டைத் தாண்டிப் போனான்.

டீசல் எடுத்தவன் என்று ஒரு டிரைவருக்குப் பேர் விழுந்தால், வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் அவன் கையில் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லோடுமேன்கள் அன்று மாலையே அந்தப் பேச்சை டீக்கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் அவனுக்காகப் பேசினேன். நியாயத்துக்காக மட்டும் பேசினேன் என்று எழுதினால் நீ இருக்கும் இடத்திலிருந்து சிரிப்பாய். தார்ப்பாயை மடித்துப் போட்டு, உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு ரோட்டில் விழாமல் தோல் லோடு கொண்டுவருகிற டிரைவர் லேசில் கிடைப்பதில்லை. எனக்கு அந்த ஆள் வேண்டும். அதோடு எனக்கு ஒரு எரிச்சல். ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன வாய் இப்படிப் பேசலாமா?

"பாய், அந்த ஸ்கிரீன் யார் வீட்டுச் சோறு தின்னுது?" என்று கேட்டேன்.

"இன்னா தோஸ்த் சொல்ற?"

"வண்டி வித்தவன் வெச்ச மெஷின் அது. வண்டி நல்லா ஓடுதுன்னுதான் சொல்லும். தோலை மட்டும்தான் உதறுவியா? இதை உதற மாட்டியா?"

மறுநாள் காலையில் நீயே சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "ஏறு. நான் ஓட்டுறேன். வேற கை படக்கூடாது."

நீ ஓட்டிய விதத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேருந்துகள் ஹார்ன் அடித்து நம்மைத் திட்டிக்கொண்டு போயின. ஆக்சிலேட்டரை முட்டை மேல் கால் வைப்பது போல மிதித்தாய். அதே பங்க், அதே பம்பு, வண்டி நிற்கும் தரையும் அதே. பம்புக் குழாய் 'டக்' என்று தானாக நின்றதும், அதற்கு மேல் ஒரு சொட்டு போடக்கூடாது என்று பங்க் பையனிடம் கை நீட்டி நிறுத்தினாய். ஓடிவிட்டு வந்து மறுபடி 'டக்' வரைக்கும் எவ்வளவு பிடிக்கிறதோ, அவ்வளவுதான் அந்தத் தூரத்துக்கு வண்டி குடித்த டீசல். ஒரு டேங்கை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். போகும்போது காலியாக, வரும்போது லோடோடு, டேங்க் மாற்றி டேங்க் ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் அதே கதை. திரை பதினாலு என்றது, டேங்க் பன்னிரண்டு என்றது.

கடைசித் தடவை பங்கில் கணக்குப் பார்த்துவிட்டு நீ கதவில் சாய்ந்து நின்றாய். "அப்ப நானும் திருடிட்டேன் போலக்கீது" என்றாய். சிரிக்கத்தான் சொன்னாய். உன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

சர்வீஸ் செய்கிற இடத்து மெக்கானிக்கையும் கேட்டோம். "அது டேங்க்ல எட்டிப் பாத்துச் சொல்றதில்ல பாய். இன்ஜினுக்கு எவ்ளோ டீசல் போயிருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லுது. சில வண்டியில ஒட்டி வரும், சில வண்டியில தள்ளி வரும்" என்றார். எல்லா வண்டியும் பொய் சொல்லும் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். போன வாரத்தை விட இந்த வாரம் இறங்கியிருக்கிறதா, டயரில் காற்று கம்மியா என்று பார்க்க அந்தத் திரை நல்ல துணை. அதை வைத்து ஒரு ஆளை எடை போடக்கூடாது, அவ்வளவுதான்.

அங்கிருந்தே ஏழுமலை வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி நாற்காலி போட்டாள். நீ உட்காரவில்லை. "தப்பு என்னுதுடா. நாளைக்கு வந்துடு" என்றாய். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஏழுமலை டீயை உன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"பாய், நான் எடுக்கலன்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்க அங்க இருக்காங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்தோம். ஆயிரம் பேர் முன்னால் விலை பேசி ஜெயித்தவன் நீ. லோடுமேன் முன்னால் தலை குனிவாயா என்று எனக்குச் சந்தேகம்தான். உள்ளதைச் சொன்னால், மாட்டாய் என்றே நினைத்தேன். வேறு டிரைவருக்கு ஆள் விட்டுக்கூடப் பார்த்தேன்.

நீ அடுத்த எடை நாள் வரைக்கும் காத்திருந்தாய். அதே லோடுமேன்கள், அதே வியாபாரிகள் வந்து சேரட்டும் என்று. டீக்கடைக்காரர் வரவில்லை என்று ஆள் அனுப்பி அவரையும் வரவழைத்தாய். ஏழுமலையைக் கூப்பிட்டு, அவன் அன்று நின்ற இடத்திலேயே நிற்கவைத்தாய். பிறகு சாவியைத் தட்டில் போட்டு, தராசில் கை வைத்துக்கொண்டு, விலை சொல்லும் அதே உரத்த குரலில் பேசினாய்.

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. இதே எடத்துல நின்னு இவனை நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது பொய். ஸ்கிரீன்ல உப்பு இருந்துச்சு. நான் உதறாம எடை போட்டுட்டேன்."

அப்புறம் ஒரு லோடுமேன் கேட்டான்: "அப்ப உங்க எடையில கழிச்சுக்கலாமா பாய்?"

"கழிச்சுக்கடா, கழிச்சுக்க. எனக்கு ஜாஸ்தியாத்தான் கீது" என்று வயிற்றைத் தட்டினாய். சிரிப்பு கூரையைத் தொட்டது. தட்டின் மேல் நீ வைத்த சாவியை ஏழுமலை எடுத்துக்கொண்டான். இன்று வரைக்கும் அது அவனிடம்தான் இருக்கிறது. வண்டிதான் மாறிக்கொண்டே போகிறது.

நீ போன பிறகு தொழில் ஒன்றும் குறையவில்லை, பாய். பெருகித்தான் இருக்கிறது. மகனுக்கு இன்று பங்கிலேயே 'டக்' கணக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். பதினாறிலிருந்து எவ்வளவு உப்பு உதிர்கிறது என்று இனி அவனே பார்த்துக்கொள்வான். அவன் கெட்டிக்காரன், அது பெரிய வேலையில்லை.

நான் உன்னிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது வேறு. குடோனில் இப்போது ஆட்கள் அதிகம், எனக்குக் கோபமும் அதிகம். யாரையாவது ஒரு வார்த்தை சொல்ல வாய் திறக்கும்போது, எங்கே நிற்கிறேன், சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அந்த வார்த்தை தப்பாகப் போனால், இதே இடத்துக்கு, இவர்கள் முன்னாலேயே நான் திரும்பி வந்து நிற்க வேண்டும்.

பல நாள், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.