பத்தாவது கையெழுத்து

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் தடவை படித்தபோது நீ வேலையை விட்டுவிட்டாய் என்று தெரிந்தது. இரண்டாம் தடவை படித்தபோது தேர்தலில் நிற்கப்போகிறாய் என்று தெரிந்தது. மூன்றாம் தடவை படித்தால் இன்னும் என்ன கிளம்புமோ என்று மடித்து வைத்துவிட்டேன்.

இருபத்தாறு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். அரசு ஊழியர் வேட்பாளராக நிற்கக் கூடாது என்பதால் ராஜினாமா செய்தேன் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய், பால் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போனேன் என்பது போல.

போன் வாங்கிக்கொள்ளச் சொல்கிறாய். இருந்த போனை நான் ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு நம் தேசத் தலைவரின் குரல் வரும். "என் அன்பு உறவே, நலமா?" என்று கேட்பார். நலமில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிடுவார். எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் இணைப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குத் தபால் இரண்டு நாள் எடுக்கும். எடுக்கட்டும். தலைவர் கடிதம் எழுதுவதில்லை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்தின் மூன்றாம் தூணுக்கு அடியில் மண் அரிக்கிறது என்று பதினோரு பக்கம் அறிக்கை எழுதிய பொறியாளன். அதற்குப் பரிசாகப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். பாலம் விழுந்ததும் பொறுப்பானவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தார்கள். என்னை மாற்றிய அமைச்சர் இன்றைக்கும் அமைச்சர், நம் தொகுதிக்காரர். அவருக்குக் கை தட்டியவர்களில் பாதிப் பேர் என் தெருவில் இருக்கிறார்கள். நான் யாரையும் மன்னிக்கவில்லை. மூன்று தேர்தலாக ஓட்டுப் போடவும் இல்லை.

உன்னைத் தடுக்கமாட்டேன். தடுத்தால் கேட்கிற ஆளா நீ? என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே, அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் திட்டி எழுதுவீர்கள் என்று தெரியும். இவ்வளவு அழகாகத் திட்டுவீர்கள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

ஏன் இந்த வேலை எனக்கு என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் புதுக் கட்டடம் திறக்கத் தலைவர் வந்தது டிவியில் வந்ததே. வரிசையாக அறுபது கட்டில், வெள்ளை விரிப்பு, நடுவில் அவர். அந்தக் கட்டில்கள் எங்களுடையவை இல்லை அண்ணா. முந்தின நாள் மூன்று ஊர் மருத்துவமனைகளிலிருந்து லாரியில் வந்தவை. தலைவர் கார் வாசலைத் தாண்டிய அரை மணி நேரத்தில் லாரிகள் திரும்பி வந்தன. கட்டிலை ஏற்றவேண்டும் என்றார்கள். பழைய கட்டடத்தில் நாற்பத்து மூன்று பேர் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள்.

நான் யாரிடமும் சண்டை போடவில்லை. வார்டுக்குப் போய், "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் எந்திரிங்க, முடியாதவங்களைத் தூக்கிக்கிட்டு வாங்க. புதுக் கட்டடத்துல படுக்கப் போறோம்" என்றேன். லாரிக்காரர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வருவதற்குள் நாற்பத்து மூன்று கட்டிலிலும் ஆள் படுத்தாகிவிட்டது.

"என்ன சிஸ்டர் இது? கட்டிலை எடுக்கணும்" என்றார்.

"எடுங்க. ஆளோட எடுங்க. ஒவ்வொருத்தருக்கும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, வழியில என்ன ஆனாலும் நீங்கதான் பொறுப்புன்னு."

அவர் தலையைச் சொறிந்தார். கால் உடைந்து படுத்திருந்த கொத்தனார், "அண்ணே, என்னை வேணும்னா ஏத்திக்கங்க. லாரில போயி ரொம்ப நாளாச்சு" என்றார். வார்டே சிரித்தது. லாரிக்காரரும் சிரித்துவிட்டார். பதினேழு கட்டிலை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தவள் ராஜினாமா எழுதினேன். எந்த ஊரில் நோயாளிகளை எழுப்பிவிட்டு அந்தக் கட்டில்களை எடுத்து வந்தார்களோ என்ற உறுத்தலும் இருக்கிறது. மருத்துவமனைக்குள் இருந்துகொண்டு நாற்பத்து மூன்று பேரைத்தான் படுக்க வைக்க முடியும். அதற்கும் அடுத்த ஊர்க் கட்டில்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்சி இல்லாமல் நிற்பவளுக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போடவேண்டும். பேசுவதற்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். கையெழுத்து என்றால் பேனா எழுதவில்லை என்கிறார்கள். ஒன்பது பேர் கிடைத்தார்கள். கொத்தனார், சலவைக்கடைக்காரர், பஸ் நடத்துநர் அக்கா, இன்னும் ஆறு பேர். பத்தாவது நீங்கள். தாள் இதனுடன் இருக்கிறது. இருபதாம் தேதி கடைசி நாள்.

கோபத்தோடே போட்டாலும் பரவாயில்லை. உங்கள் கையெழுத்து கோபத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

தங்கச்சி


பிப்ரவரி 13

அன்புத் தங்கைக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் என் அறிக்கைதான் ஞாபகம் வந்தது. நான் பதினோரு பக்கம் எழுதினேன். அட்டவணை, வரைபடம், அளவு எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தூணைக்கூட அது காப்பாற்றவில்லை. நீ ஒரு வரியும் எழுதவில்லை. ஆளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாய், வேலை முடிந்தது. இத்தனை வருடமாக நம் வீட்டில் படித்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் நீ எதையும் கேட்கமாட்டாய். எடுத்துக்கொள்வாய். என் ஜியாமெட்ரி பெட்டி முதல் நாற்பத்து மூன்று கட்டில் வரை.

வாக்காளர் எண்ணை என் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். தெளிவாக இருக்கிறதா பார்த்துக்கொள்.

நீ ஜெயிப்பாய் என்று நான் நம்பவில்லை. இந்த ஜனங்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அமைச்சர் பெயர் அச்சடித்த சீட்டில் அதற்குக் கீழே உன் பெயரும் இருக்கும். அதைப் பார்க்கவாவது சாவடிக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. எனக்கு இப்படித் தோன்றி எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா?

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேரே சொல்லிவிடுகிறேன். என் வேட்புமனு தள்ளுபடி ஆகிவிட்டது.

பரிசீலனையில் அதிகாரி ஒவ்வொரு பெயராகப் புது வாக்காளர் பட்டியலில் தேடிப் பார்த்தார். ஒன்பதும் இருந்தது. பத்தாவது இல்லை. நீங்கள் எழுதிய எண்ணில் இப்போது வேறு யாரோ இருக்கிறார். பழைய பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே, போன வருடமே நீக்கியதாகக் குறிப்பு இருக்கிறது.

"இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டு வரவா? வாசல்லயே நிக்கிறாங்க" என்று கேட்டேன்.

"நேத்து வந்திருந்தா வாங்கியிருப்பேம்மா. இன்னைக்கு முடியாது" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கே கஷ்டமாக இருந்தது. அமைச்சரின் ஆட்கள் பின்னால் உட்கார்ந்து ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

தப்பு என்னுடையது. மற்ற ஒன்பது பேரையும் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தேன். உங்களை மட்டும் பார்க்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் தூங்காதவர் எழுதின எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே நின்றவர்களிடம் ஒரு பெயர் சரியில்லையாம் என்று மட்டும் சொன்னேன். யார் பெயர் என்று சொல்லவில்லை.

எப்படி நீக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

தங்கச்சி


பிப்ரவரி 24

தங்கைக்கு,

தெரியும்.

போன வருடம் பட்டியல் எடுக்க ஒரு பள்ளி டீச்சர் வந்தார். முதல் நாள் ஜன்னலிலிருந்தே போகச் சொன்னேன். இரண்டாம் நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வெயிலில் குடையோடு நின்று, "சார், வீட்ல வாக்காளர் எத்தனை பேர்னு மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்" என்றார். "இந்த வீட்டில் வாக்காளர் யாரும் இல்லை" என்றேன். "அப்படியே எழுதிக்கவா?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றேன். எழுதி நீட்டினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பெரிய அடி அடித்துவிட்டதாக நினைப்பு எனக்கு. முடிவெட்டும் கடையில் இரண்டு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தேன். பிறகு மறந்தும் போனேன். நீ தாள் அனுப்பியபோது பழைய அட்டையை எடுத்தேன், எண்ணை எழுதினேன். அந்த டீச்சர் என் நினைவுக்கே வரவில்லை. அரசாங்கம் நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு நடந்துகொள்ளும் என்று யார் கண்டது?

அவர்கள் என் பெயரைக் கெடுத்தார்கள் என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். இதை அவர்கள் செய்யவில்லை. நானே செய்தேன், நல்ல கையெழுத்தில். நீ வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாய். உன்னை அவர்களால் நிறுத்த முடியவில்லை. என்னால் முடிந்தது.

மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

நீ ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. நியாயம்தான். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் ஒன்பது பேரையும் தேடிப் போய், அந்தப் பத்தாவது ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அது யாரென்று நீ சொல்லாமல் விட்டதில் என்ன நடந்திருக்கிறது தெரியுமா? சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஐயா, நீங்கதானா அது? என் கையெழுத்துதான் கோணலா இருந்து கெடுத்துருச்சுன்னு ஒரு மாசமா வீட்ல சரியாச் சாப்பிடல" என்றார். நடத்துநர் அக்கா, "பாலம் கட்டறவருன்னாங்க, இருக்கிற பலகையையும் உருவிட்டீங்களே" என்றார். கொத்தனார் மட்டும் உட்கார நாற்காலி போட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

தேர்தல் அன்று உன் சாவடிக்கு வந்தேன். நீ பார்த்திருக்க மாட்டாய். எதிரே நோட்டுப் புத்தகக் கடை ஓரமாக நின்றேன். ஓட்டில்லாதவன் வேறெங்கே நிற்பான்?

நீ சக்கர நாற்காலியில் ஆட்களைக் கொண்டு வந்துகொண்டிருந்தாய். உன் பெயர் இல்லாத தேர்தலுக்கு. அமைச்சர் கட்சிக்காரன் ஒருவன், "என்ன சிஸ்டர், வேட்பாளரா வரவேண்டியவங்க வண்டி தள்ளிக்கிட்டு இருக்கீங்க?" என்றான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன். நீ, "நல்ல வேளை வந்தீங்க, இந்தப் பக்கம் பிடிங்க, படி உயரமா இருக்கு" என்றாய். அவன் பிடித்தான். அதற்குப் பிறகு நாலு தடவை பிடித்தான். நான் எண்ணினேன்.

நாற்காலியில் இருந்த அம்மா, "யாருக்கு கண்ணு போடணும்?" என்று உன்னைக் கேட்டார். "அது உங்க இஷ்டம்மா. காலை மடக்கிக்கங்க" என்றாய். உன் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.

இந்த ஜனங்களை எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தேன். உன்னையே தெரிந்து வைத்திருக்கவில்லை, ஜனங்களை எங்கே தெரிந்துகொண்டேன்?

முடிவு உனக்குத் தெரியும். அமைச்சர் ஜெயித்துவிட்டார். தலைவரும் மறுபடி வந்துவிட்டார். கொஞ்சம் ஓட்டுக் குறைந்திருக்கிறதாம். எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் கோபப்படுவதையே ஒரு வேலையாகப் பார்த்துவந்தேன் என்பது புரிந்தது.

நேற்று அந்த டீச்சர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். பெயர் சேர்க்கும் படிவம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவை வீட்ல ஆள் இருக்கீங்களா சார்?" என்றார். இருக்கிறேன் என்றேன். அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாலு கடிதம் எழுதினேன். நாலையும் கிழித்தேன். எல்லாமே நீங்கள் எழுதுவது போலவே இருந்தன. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

கோபம் இருந்தது அண்ணா. இல்லை என்று சொன்னால் பொய். மனு தள்ளுபடியான அன்றைக்கு வந்த கோபம் இல்லை. மூன்று தடவை வெயிலில் வந்த டீச்சரைப் பற்றிப் படித்தபோது வந்த கோபம். லாரிக்காரர் என்னிடம் வந்து நின்ற மாதிரிதான் அவரும் உங்களிடம் வந்து நின்றிருக்கிறார். சொன்ன வேலையைச் செய்ய வந்தவர். அவரிடம் ஏன் உங்கள் கோபத்தைக் காட்டினீர்கள்?

நீங்கள் அவர் வீட்டுக்குப் போனதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் பகல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே ஆறே கட்டில்தான். எல்லாம் அவர்களுடையது.

நவம்பரில் நகரசபைத் தேர்தல். நிற்கப்போகிறேன். இதற்கும் பத்துக் கையெழுத்து வேண்டும். இருபத்து மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் புதுப் பட்டியலில் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அதில் நீங்கள் இல்லை. உங்கள் பெயர் சேர்ந்த பிறகும் கேட்கப்போவதில்லை. இதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் என்றால் நான் சரிபார்க்க மாட்டேன், நீங்களும் என்னைச் சரிபார்க்க மாட்டீர்கள். அது நம் இரண்டு பேருக்கும் ஆகவில்லை.

அக்டோபரில் உங்கள் தெருவுக்கு வருவேன். எல்லா வீட்டிலும் கேட்பது போல உங்களிடமும் ஓட்டுக் கேட்பேன். தங்கச்சி என்று காபி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உனக்கு ஏன் போடவேண்டும் என்று கேளுங்கள். குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை, அந்தப் பாலம், எல்லாவற்றையும் கேளுங்கள். எனக்குப் பதில் தெரியாத கேள்வியாகக் கேளுங்கள். பத்து வருடமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருப்பீர்களே.

தெருவே நின்று கேட்கட்டும்.

தங்கச்சி