கைப்பிடிக்கு ஒரு நூல்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். இரும்புலியூரில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் வகுப்பெல்லாம் உனக்கு எதற்கென்று திட்டினீர்களே, இப்போது மெஷினே வாங்கிவிட்டேன். தாம்பரம் கடையில் பெரியதைத்தான் கேட்டேன். கடைக்கார அண்ணன், "இன்னாமா செய்யப் போறே?" என்றார். "ஊர்ல எங்கம்மா வழுக்கி விழுந்த படிக்கு ஒரு கைப்பிடி" என்றேன். பெரியதை உள்ளே வைத்துவிட்டார். "அப்போ இந்தச் சின்னத எட்த்துக்கோ. வூட்டு கரண்ட்டே போதும். தோள்ல மாட்டிக்கினு ரயில் ஏறிடலாம்."

முதல் நாளே முகமூடி போடாமல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. டாக்டர் மருந்து கொடுத்தார், இரண்டே நாளில் சரியாகிவிட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்த அந்த இரண்டு நாளும் ரேடியோ துணையிருந்தது. பயப்படாதீர்கள்.

கிறிஸ்துமஸ் லீவில் மெஷினோடு வருவேன். அதற்கு முன் படியில் நின்று, உங்கள் கை வசதியாகப் பிடிக்கும் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து, முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். போனில் அளவு சொல்ல வேண்டாம், நூலே வேண்டும்.

தண்ணீர் லாரி வந்துவிட்டது, குடத்தோடு ஓடுகிறேன். முடிச்சை மட்டும் நீங்களே போடுங்கள் அம்மா.

உங்கள் ஷீலா