அகத்தி கழிக்கும் நாள்

மாமா,

இன்று வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக் கிளைகளைக் கழித்தோம். வெட்டிய தழையின் பச்சை வாசம் சட்டையெல்லாம் ஏறிவிட்டது. அதை ஆடுகளுக்கு அள்ளிப் போடும்போது, சேலத்தில் அந்த டாக்டரம்மா முன்னால் நாம் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். ஆடுகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தன.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் செத்துக்கொண்டிருப்பதால்தான் உங்கள் கையும் நாக்கும் சோர்கின்றன என்றார் அவர். அதோடு விட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். நரம்பு செல் தனியாக வாழ்வதில்லை, மூளையிலும் தண்டுவடத்திலும் அதற்கு ஊட்டிவிடவும் குப்பை அள்ளவும் துணைச் செல்கள் உண்டு, இந்த நோயில் அந்தத் துணைகளே கெட்டு நரம்புக்கு நஞ்சாகவும் மாறுகின்றன என்று சொன்னதும் நீங்கள் மெதுவாக என் பக்கம் திரும்பினீர்கள்.

"கொடிக்கால்ல... அகத்தி... மிஞ்சிப்போனா..." என்று இழுத்தீர்கள்.

"அது மேல ஏறுற வெத்தலைக் கொடி நெழல்லயே கெட்டுப்போயிடும்னு சொல்றாருங்க டாக்டர்" என்று நான் முடித்துவைத்தேன்.

"இவனத்தான்... சொல்றேன்" என்றீர்கள் அவரிடம்.

துணைச் செல் இல்லாமல் நரம்பும் பிழைக்காது, அவை ஏன் கெடுகின்றன என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். அந்தப் பாதியை நீங்கள் காதில் வாங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்களைக் கழிக்க ஆரம்பித்தீர்கள். புரையேறப் புரையேறத் தீர்த்தமலைத் தீர்த்தம் ஊற்றிய பெரியம்மா முதல் கிளை. மூட்டை தூக்குவதுபோல் உங்களைத் தூக்கிய சித்தப்பா அடுத்தது. உங்களைக் கட்டிய என் அக்கா மேல் மட்டும் கத்தி படவில்லை. எனக்கு வாய்ப்பூட்டு. "பேச்சு போறதுக்குள்ள... நானே... பேசிக்கறேன்" என்றீர்கள். அதற்கு மேல் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், "மச்சான், நீ... பக்கத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினீர்கள். பொம்மிடி பஸ் வந்தது, போனது. எனக்குக் கால் மரத்துப்போயிற்று. 'பக்கத்துலயே இருடா' என்று மனசுக்குள் நானே முடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கத் துண்டையும் எடுத்துவிட்டேன்.

"ஃபேன... மறைச்சிக்கினு... உக்காந்திருக்க."

நாற்காலியை நகர்த்தினேன். காற்று உங்கள் முகத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டீர்கள்.

"தள்ளி உக்காரு... போயிடாத."

நீங்கள் போன பிறகும் நான் அப்படித்தான் இருக்கிறேன் மாமா. யார் வார்த்தைக்குத் திணறினாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள்.

இன்று அகத்தி மேல் நான் இருக்கும்போது, கீழே நின்ற அக்கா, "அவரு மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். எனக்குப் பத்து முடிவு தோன்றியது. ஒன்றையும் சொல்லாமல் கிளையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"...அந்த உச்சிக் கிளைய கழிக்காம வுட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

இன்னும் மேலே ஏறினேன்.